தப்பிப் பிழைத்தவற்றின் மேய்ச்சல் நிலம்

ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகருக்குக் கிழக்கே, டியூசல் என்ற சிற்றாறு ஓடும் நியாண்டர் பள்ளத்தாக்கில், 1856ஆம் ஆண்டு குவாரித் தொழிலாளர்கள் சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வழியில் இருந்த ஒரு குகையின் களிமண்ணை அள்ளி வெளியே வீசியபோது, அதோடு சில எலும்புகளும் வந்து விழுந்தன. ஏதோ கரடியின் எலும்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். யோஹான் கார்ல் ஃபூல்ராட் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைப் பார்த்துவிட்டு, இது மிகப் பழைய மனித உடல் என்றார். 1864இல் வில்லியம் கிங் என்ற புவியியலாளர் அதற்கு ‘ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்’ என்று பெயரிட்டார். மனித இனத்தின் வரலாற்றை மாற்றி எழுத வைத்த அந்தக் குகை இன்று இல்லை. குகையை மட்டுமல்ல, குகை இருந்த பாறையையும் சேர்த்தே குவாரி வெட்டித் தீர்த்துவிட்டது. ரால்ஃப் ஷ்மிட்ஸ், யூர்கன் திசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இலும் 2000இலும் அகழ்ந்து, தொழிலாளர்கள் வீசியெறிந்த அந்த மண்ணைக் கண்டுபிடித்தார்கள். அதில் கிடைத்த ஒரு சிறு எலும்புத் துண்டு, 1856இல் எடுத்த இடது தொடை எலும்பின் உடைந்த ஓரத்தோடு சரியாகப் பொருந்தியது. பார்ப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாத இடத்தில், தடயத்தை வைத்து நடந்ததைக் கண்டறிவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பனியுகத்தைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க நினைக்கும் எவருக்கும் உள்ள சிக்கல் இதுதான். காட்ட வேண்டிய பொருள் கண்முன் இல்லை. நியாண்டர் பள்ளத்தாக்கு இதற்கு மூன்று வழிகளைப் பக்கம்பக்கமாக வைத்திருக்கிறது. 1996இல் திறக்கப்பட்ட நியாண்டர்தால் அருங்காட்சியகம் ஒன்று. அதைச் சுற்றிய கற்காலப் பட்டறையும் சிறுவர் விளையாட்டிடமும் இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, 1935 முதல் அங்கே இருந்துவரும் ‘பனியுக விலங்குப் பூங்கா’. ஆற்றோரப் புல்வெளியும் மரச்சரிவுமாக விரிந்த அந்த நிலத்தில் மூன்று வகை விலங்குகள் மேய்கின்றன: வீசென்ட் என்ற ஐரோப்பியக் காட்டெருது, ஆரோக்ஸ் என்ற ஆதி மாட்டைப் போல வளர்க்கப்பட்ட மாடுகள், தார்ப்பன் என்ற காட்டுக் குதிரையைப் போல வளர்க்கப்பட்ட குதிரைகள். கல்வி, விளையாட்டு, விலங்கு வாழிடம் மூன்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது கூட்டம் சேர்க்கும் உத்தி என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்து வேறு. பனியுகத்தைப் பற்றி இன்றைய மனிதன் அறிய வேண்டிய முக்கியமான உண்மையை இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சொல்ல முடியும். எது அழிந்தது என்பது அந்த உண்மையின் பாதிதான். எது தப்பியது, எப்படித் தப்பியது, யாரால் தப்பியது என்பதே மீதிப் பாதி.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பனியுகம் என்றதும் எங்கு பார்த்தாலும் பனிப்பாளம், நடுவே உறைந்து நிற்கும் மாமூத் என்ற படம்தான் மனதில் வருகிறது. சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த பிளைஸ்டோசீன் காலம் அப்படி ஒரே சீராக இருந்ததில்லை. பூமியின் சுற்றுப்பாதை வடிவமும், அச்சின் சாய்வும், அச்சு நோக்கும் திசையும் பல்லாயிரம் ஆண்டு கால அளவில் மெல்ல மாறுவதால், கடுங்குளிர்க் காலங்களும் வெதுவெதுப்பான இடைக்காலங்களும் மாறிமாறி வந்தன. கடைசிக் குளிரின் உச்சத்தில், அதாவது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் சராசரி வெப்பநிலை இன்றைவிட ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைவு. நீரெல்லாம் நிலத்தின் மேல் பனியாகக் குவிந்ததால் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. பாக் நீரிணை அப்போது கடலே அல்ல. ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிவந்த பனிப்பாளம் அந்தக் கடைசிக் குளிரில் ஜெர்மனியின் வடக்கோடும் கிழக்கோடும் நின்றுவிட்டது, நியாண்டர் பள்ளத்தாக்கைத் தொடவில்லை. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மனிதன் பார்த்தது பெரும்பாலும் புல்வெளியையும், அதில் மேய்ந்த பெருமந்தைகளையும்தான். ஆகவே பனியுகத்தைக் காட்ட வெள்ளைச் சாயம் பூசிய செயற்கைப் பாறை தேவையில்லை. தேவை புல்லும், அதைத் தின்னும் பெரிய உடல்களும்.

அந்த உடல்களில் வீசென்ட்டை அருகில் நின்று பார்க்க வேண்டும். வளர்ந்த காளையின் தோள் உயரம் ஒரு மனிதனின் உயரத்தை எட்டும். பின்பகுதி ஒடுங்கி, முன்பகுதி மலைபோல் எழுந்து நிற்கும். அந்தத் திமிலைப் பார்த்ததும் தமிழ்நாட்டு வாசகருக்குக் காங்கேயம் காளை நினைவுக்கு வரலாம். இரண்டும் வேறு வேறு அமைப்பு. காங்கேயம் காளையின் திமில் தசையும் கொழுப்பும். வீசென்ட்டின் திமிலுக்குள் எலும்பு இருக்கிறது. முதுகெலும்பின் மார்புப் பகுதிக் கண்ணிகளிலிருந்து நீண்ட முட்கள் மேல்நோக்கி வளர்ந்து, பாரமான தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகளுக்குப் பிடிமானம் தருகின்றன. வசந்தத்தில் அதன் குளிர்கால ரோமம் கற்றை கற்றையாகக் கழன்று தொங்கும். மரத்தில் உரசி உரசி அதை உதிர்க்கும். உரசிய இடத்தில் பட்டை தேய்ந்து மரம் பளபளக்கும். கடுங்குளிருக்கான கம்பளியை அணிந்து, கோடை வந்தால் அதைக் கழற்றும் ஓர் உடலை நேரில் பார்த்த குழந்தைக்கு, பருவங்கள் கடுமையாக மாறிய ஓர் உலகத்தைப் பற்றி விளக்குவது எளிது. காட்சிப் பெட்டியில் இருக்கும் எலும்புக்கூட்டால் இதைச் செய்ய முடியாது. எலும்பு ரோமம் உதிர்ப்பதில்லை.

ஆனால் வீசென்ட் சொல்லும் பெரிய செய்தி அதன் உடலில் இல்லை, அதன் வம்சாவளியில் இருக்கிறது. மாமூத்தும் கம்பளிக் காண்டாமிருகமும் மறைந்த பின்னும் இது ஐரோப்பியக் காடுகளில் பிழைத்திருந்தது. முதல் உலகப் போர் அதைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. போலந்தின் பியாவோவியேஜா காட்டில் போரின் குழப்பத்தில் சிக்கிய மந்தை, 1920க்குள் வேட்டையில் அழிந்தது. காகசஸ் மலைகளில் மிஞ்சியவை 1927இல் தீர்ந்தன. பூமியில் எங்கும் காட்டில் ஒரு வீசென்ட்கூட இல்லாத நிலை. மிஞ்சியவை உயிரியல் பூங்காக்களிலும் பிரபுக்களின் வேலியிட்ட நிலங்களிலும் இருந்த ஐம்பத்துச் சொச்சம் விலங்குகள் மட்டுமே. அவற்றைக் காக்க 1923இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைந்தது. ஒவ்வொரு விலங்கின் தாய், தந்தை, பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் வம்சப் பதிவேட்டை அது 1932இல் வெளியிட்டது. ஒரு காட்டு விலங்கினத்துக்கென்று உலகில் எழுதப்பட்ட முதல் பதிவேடு அதுதான். இன்றும் போலந்தில் பிறக்கும் பெரும்பாலான கன்றுகளுக்கு ‘போ’ என்று தொடங்கும் பெயர் வைக்கிறார்கள். பெயரைப் பார்த்தாலே பிறந்த நாடு தெரிந்துவிடும். 1952இல் பியாவோவியேஜா காட்டில் வீசென்ட் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இன்று காடுகளில் 6,000க்கும் மேல் உள்ளன. இவை எல்லாம் வெறும் 12 முன்னோரின் வழித்தோன்றல்கள். அதற்கான விலையையும் அவை கொடுக்கின்றன. மரபணு வேறுபாடு மிகக் குறைந்துபோனதால் நோய்களை எதிர்க்கும் வலு குறித்த கவலை தீரவில்லை. ஓர் இனம் தப்பிவிட்டது என்றால் முழுமையாகத் தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை. இதையும் சேர்த்தே அந்த வேலியருகே சொல்ல வேண்டும்.

அடுத்த மந்தையின் நிலைமை வேறு. ஆரோக்ஸ் என்ற ஆதி மாட்டின் கடைசிப் பசு 1627இல் போலந்தின் யக்தோரூவ் காட்டில் இறந்தது. நியாண்டர் பள்ளத்தாக்கில் மேய்வது ஆரோக்ஸ் அல்ல. பெர்லின் பூங்காவின் லூட்ஸ் ஹெக், மியூனிக் பூங்காவின் ஹைன்ஸ் ஹெக் என்ற சகோதரர்கள் 1920களில் பல நாட்டு மாட்டினங்களைக் கலந்து, பழைய தோற்றத்தை மீட்க முயன்றதன் விளைவு அது. கறுப்பு நிறமும் முன்னோக்கி வளைந்த கொம்பும் வந்தன. ஆனால் உண்மையான ஆரோக்ஸ் காளையின் 180 சென்டிமீட்டர் தோள் உயரம் வரவில்லை. நீண்ட காலும் நீண்ட முகமும் வரவில்லை. இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகிறது. பனியுகப் பூங்கா என்று பெயர் வைத்துவிட்டு ஏறத்தாழ நூறு வயதே ஆன ஒரு கலப்பினத்தைக் காட்டுவது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா? ஆட்சேபம் இதோடு நிற்பதில்லை. லூட்ஸ் ஹெக் நாஜிக் கட்சி உறுப்பினர், அக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹெர்மன் கோரிங்கின் வேட்டை நண்பர். ஆதித் தூய்மையை மீட்பது என்ற அந்தக் கனவு, மனிதர்களைத் தரம் பிரித்துக் கொன்ற அதே சிந்தனைச் சூழலில் ஊட்டம் பெற்றது.

இந்த ஆட்சேபத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அதனால் அந்த மாடுகளை அகற்ற வேண்டும் என்ற முடிவை மட்டும் ஏற்கவில்லை. ஒரு நகலை அசல் என்று காட்டினால்தான் அது ஏமாற்று. இது நகல், இந்தந்த இடத்தில் தவறிய நகல், இன்னார் இன்ன நோக்கத்தோடு செய்தது என்று வேலியிலேயே எழுதி வைத்தால், அந்த மாடு அங்குள்ள மிகச் சிறந்த பாடமாகிவிடும். தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், இனத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதே அந்தப் பாடம். அது இன்றைக்கு மிகவும் தேவைப்படுகிறது. 2025 ஏப்ரலில் கொலாசல் பயோசயின்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம், பனியுகத்தின் பெரிய ஓநாயான டயர் ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்தது. உண்மையில் அவர்கள் செய்தது, சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள். வெள்ளை ரோமத்தோடு பெரிய குட்டிகள் பிறந்தன. அவை டயர் ஓநாய்கள் அல்ல என்று நாயினங்களை ஆராயும் சர்வதேச வல்லுநர் குழு தெளிவாகச் சொன்னது. ஹெக் சகோதரர்கள் கலப்பினத்தால் செய்ததைத்தான் இன்று மரபணுத் திருத்தத்தால் செய்கிறார்கள். கருவி கூர்மையாகியிருக்கிறது, கேள்வி பழையதுதான். ஒரு ஹெக் மாட்டின் முன் நின்று இந்தக் கேள்வியைப் பழகிய குழந்தை, நாளை செய்தித் தலைப்பைப் பார்த்து மயங்காது.

ஆரோக்ஸின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. அது காட்டில்தான் அழிந்தது. சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதர் பழக்கியெடுத்த ஆரோக்ஸ்களின் சந்ததிதான் ஐரோப்பியப் பசுக்கள். அதிலிருந்து லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இந்திய ஆரோக்ஸ், சிந்து சமவெளிப் பகுதியில் தனியாகப் பழக்கப்பட்டது. திமில் உள்ள நம் நாட்டு மாடுகள் எல்லாம் அதன் வழிவந்தவை. அப்படிப் பார்த்தால் கொங்கு நாட்டுக் கட்டுத்தறியில் நிற்கும் காளையும் ஒரு பனியுக விலங்கின் வாரிசு. மூன்றாவது மந்தையான குதிரைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே: காட்டுத் தார்ப்பன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது, குதிரை என்ற இனம் மனிதனோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. ஆக, மூன்று முடிவுகள் தெரிகின்றன. வீசென்ட் காட்டில் அழிந்து, வேலிக்குள் காக்கப்பட்டு, காட்டுக்குத் திரும்பியது. ஆரோக்ஸ் காட்டில் அழிந்து, தொழுவத்தில் பிழைத்தது. மாமூத்துக்கு இந்த இரண்டு வழியும் கிடைக்கவில்லை; அதன் கடைசிக் கூட்டம் சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. பனியுக விலங்குகள் அழிந்ததற்குத் தட்பவெப்பம் காரணமா, மனித வேட்டை காரணமா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் என்பது பலர் ஏற்கும் விடை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இதே விலங்குகள் இதற்கு முந்தைய வெப்ப இடைக்காலங்களைப் பலமுறை கடந்து வந்தவை. கடைசி முறை புதிதாகச் சேர்ந்தது, எங்கும் பரவிவிட்ட நம் இனம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். ஏறிச் சறுக்கவும் ஓடவும் இடம் கொடுத்தால் குழந்தைகள் விலங்கையும் பார்க்க மாட்டார்கள், பலகையையும் படிக்க மாட்டார்கள், அறிவியல் பொழுதுபோக்காகிவிடும் என்பது ஆசிரியர்கள் பலரின் கவலை. மோசமாக அமைத்த இடங்களில் இது உண்மைதான். மாமூத் வடிவத்தில் ஒரு சறுக்குமரம் வைப்பதால் மாமூத்தைப் பற்றி எதுவும் புரிந்துவிடாது. ஆனால் விளையாட்டே விசாரணையாக அமையும்போது கதை மாறுகிறது. கற்காலப் பட்டறையில் ஒரு குழந்தை சிக்கிமுக்கிக் கல்லை எடுத்து இன்னொரு கல்லால் தட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தட்டினால் ஒன்றும் நடக்காது, அல்லது கல் கண்டபடி நொறுங்கும். ஓரத்தில், 90 டிகிரிக்குக் குறைவான கோணம் உள்ள விளிம்பைத் தேடித் தட்டினால் மெல்லிய சில்லு ஒன்று பெயர்ந்து வரும். அதன் உட்பக்கத்தில், அடிபட்ட புள்ளிக்குக் கீழே ஒரு சிறு புடைப்பும், நீரலைபோல் பரவும் வளையங்களும் இருக்கும். இயற்கையாக உடைந்த கல்லிலிருந்து மனிதன் உடைத்த கல்லை வேறுபடுத்த ஆய்வாளர்கள் தேடுவது இந்தப் புடைப்பைத்தான். அதைத் தன் கையாலேயே உண்டாக்கிய குழந்தைக்கு, காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் கல் இனி வெறும் கல்லாக இருக்காது. ஈட்டி எறிவதும் அப்படியே. ஜெர்மனியின் ஷோனிங்கனில் கிடைத்த மர ஈட்டிகள் குறைந்தது 2 லட்சம் ஆண்டுப் பழமையானவை, பெரும்பாலும் இரண்டு மீட்டரைத் தாண்டும் நீளம் கொண்டவை, குதிரை எலும்புகளோடு சேர்ந்து கிடைத்தவை. அதுபோன்ற ஒன்றைக் கையில் எடுத்து எறிந்து பார்த்தால், ஒரு குதிரையை வீழ்த்த எவ்வளவு அருகே போக வேண்டும், எத்தனை பேர் சேர வேண்டும் என்பது தானாகப் புரியும். பிறகு வேலிக்கு அப்பால் நிற்கும் குதிரையைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

விளையாட்டு பனியுகத்துக்கு அந்நியமானது என்ற எண்ணமும் தவறு. பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் லெ ரோஸெல் என்ற இடத்தில், 80,000 ஆண்டுகளுக்கு முந்தைய மணலில் நியாண்டர்தால் மனிதரின் 257 கால்தடங்கள் பதிந்திருப்பதை ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை சிறுவர்களும் பதின்வயதினரும் விட்டுச் சென்றவை. அருங்காட்சியக ஓவியங்களில் ஈட்டி பிடித்த ஆண்களே நிறைந்திருக்கலாம். மண் பதிவுசெய்த கூட்டத்தில் குழந்தைகள்தான் அதிகம். அவர்கள் பெரியவர்களைப் பார்த்து, செய்து, தவறவிட்டு, மறுபடி செய்துதான் கல் உடைக்கவும் நெருப்பு காக்கவும் பழகியிருக்க வேண்டும். ஆகவே பனியுகத்தைச் செய்து பார்த்துக் கற்பது ஒரு சலுகை அல்ல. அந்தக் கால அறிவு கைமாறிய விதத்துக்கு மிக அருகில் இருக்கும் கல்வி முறை அதுதான்.

மிகக் கடினமான ஆட்சேபம் கடைசியில் நிற்கிறது. பரந்த நிலங்களில் அலைந்து திரிந்த விலங்குகளின் கதையைச் சொல்ல, சிலவற்றை வேலிக்குள் அடைப்பது நியாயமா? எல்லா இடங்களிலும் நியாயமில்லை என்பதே நேர்மையான பதில். வெப்பநாட்டில் குளிரூட்டிய அறை கட்டி அதில் ஒரு துருவ விலங்கை நிறுத்துவது பனியுகத்தைக் கற்பிப்பதில்லை. பணம் இருந்தால் எந்த உயிரையும் எங்கும் வைக்கலாம் என்பதையே கற்பிக்கிறது. ஒரு விலங்கு அந்த மண்ணுக்கும் வானிலைக்கும் உரியதாக இருக்க வேண்டும், மந்தையாக வாழ இடம் வேண்டும், அதன் இனத்தைக் காக்கும் பணியில் அந்த இடத்துக்குப் பங்கு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் வேலிக்கு நியாயம் உண்டு. அப்போதும் வாழிடம் எது என்பது எளிய கேள்வி அல்ல. வீசென்ட் காட்டு விலங்கு என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். பனியுகம் முடிந்த தொடக்க ஆயிரமாண்டுகளின் எலும்புகளில் உள்ள வேதிக்கூறுகளை ஆராய்ந்தபோது, அவை திறந்த வெளியிலும் நிறைய மேய்ந்தது தெரியவந்தது. உழவு பரவி வெளிகள் மனிதனிடம் போன பிறகு, அது காட்டுக்குள் ஒதுங்கிய அகதியாக இருக்கக்கூடும் என்று இன்று பலர் வாதிடுகிறார்கள். அப்படியானால் அடர்காட்டில் மட்டும் அதை விடுவது காப்பதாகாது. புல்வெளியும் மரநிழலும் சேர்ந்த ஒரு நிலத்தில் அது எங்கே அதிக நேரம் நிற்கிறது, எதைத் தின்கிறது என்று கவனிப்பதே ஆய்வுக்கு உதவும். நல்ல பூங்கா விடை எழுதி மாட்டிய இடமாக இருப்பதைவிட, கேள்வி இன்னும் திறந்திருக்கும் இடமாக இருப்பது நல்லது.

குளிர் உச்சத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சம் பங்கில் 190க்கும் குறைவு. வெப்ப இடைக்காலங்களில் அது 280 அளவுக்கு உயர்ந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. முன்பு பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்ததைவிடப் பெரிய ஏற்றத்தை நாம் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் செய்திருக்கிறோம். அடுத்த பெரும் மாற்றத்தின் வாசலில் நிற்கும் தலைமுறைக்கு, முந்தைய மாற்றத்தில் யார் பிழைத்தார்கள் என்பது வெறும் பழங்கதை அல்ல. உடல்வலுவால் மட்டும் எந்த விலங்கும் பிழைக்கவில்லை. மாமூத்துக்கு இல்லாத வலுவா? வீசென்ட் பிழைத்ததற்கு, 1920களில் சிலர் ஒரு சங்கம் கூட்டி, பதிவேடு எழுதி, மிஞ்சிய விலங்குகளை நாட்டு எல்லைகளைத் தாண்டி இணைத்ததே காரணம். அதே மனித இனம்தான் ஆரோக்ஸைக் காட்டிலிருந்து துடைத்தும் எறிந்தது. இந்த இரண்டு செயல்களும் நம்முடையவை என்பதைப் பக்கத்துப் பக்கத்து வேலிகளில் நிறுத்திக் காட்டும் இடத்தையே பனியுகப் பூங்கா என்று சொல்லத் தகும். அங்கிருந்து வெளியே வரும் குழந்தை மாமூத்துக்காக வருந்தினால் மட்டும் போதாது. இன்று ஐம்பதுக்கும் நூறுக்கும் சுருங்கி நிற்கும் இனங்கள் எவை, அவற்றின் பதிவேட்டை எழுதுவது யார் என்று கேட்க வேண்டும்.